குளிர்ச்சிக்கும் இருப்புக் கணக்கு

ரயில்வே அலுவலகத்தில் நாள்தோறும் இருப்புக் கணக்கு எழுதும் நமக்கு, தண்ணீரின் குளிர்ச்சிக்கும் அத்தகைய கணக்கு உண்டென்று அறிந்தபோது வியப்பே மேலிட்டது.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில், சாக்ரமெண்டோ ஆற்றின் குறுக்கே 602 அடி உயரமுள்ள ஷாஸ்டா அணை 1945-இல் கட்டி முடிக்கப்பெற்றது. குளிர்காலத்தில் கடலினின்று ஆறேறும் சினூக் சால்மன் மீன்கள், முன்னர் மலையூற்று நீரோடும் மேற்பகுதியிலே முட்டையிட்டு வந்தன. அணை வழியை மறித்தது. இன்று அவை அணைக்குக் கீழே, அதுவும் கோடையில், முட்டையிடுகின்றன. நீர் ஏறத்தாழ 56 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டினால் முட்டைகள் மடியத் தொடங்கும்.

நீர்த்தேக்கத்தின் மேல்நீர் வெயிலில் சூடேறும். கனத்த குளிர்நீர் அடியில் தங்கும். முன்பு அதனை அடிமதகால் திறந்துவிட்டு மின்சாரத்தை இழந்தனர். 1997-இல் அமைத்த கதவுகளால், வேண்டிய ஆழத்து நீரை மின்நிலையத்தின் வழியே விட முடிகிறது. ஆயினும் குளிர்நீரை வைகாசியிலேயே செலவிட்டால் புரட்டாசியில் கை வெறுங்கையன்றோ? ஆகவே வெயில், காற்று, நீர்வரத்து, ஒவ்வோர் ஆழத்தின் வெப்பம் ஆகியவற்றைக் கொண்டு கணிப்பொறியில் முன்கூட்டியே கணக்கிடுகின்றனர்.

அக்கணக்குத் தவறியதும் உண்டு. நாமாயின் மேலதிகாரிக்கு விளக்கம் எழுதித் தப்பலாம். கடும் வறட்சியுற்ற 2014-இல் எதிர்பார்த்ததற்கு முன்பே குளிர்நீர் தீர்ந்தது. முட்டைகளிலும் குஞ்சுகளிலும் நூற்றுக்கு 95 அளவில் அழிந்தன. மறு ஆண்டு வெப்பமானியே பிழையாகக் காட்டியது தெரியவந்தது. உழவர்க்குரிய நீரைத் தாமதித்தும் பெரும்பாலான குஞ்சுகள் பிழைக்கவில்லை.

இம்மீன்கள் பெரும்பாலும் மூன்றாம் ஆண்டில் திரும்புவன. 2017-இல் திரும்பியவை ஏறத்தாழ ஆயிரமே.