தகவல் துளி: ஃபைபர்கிளாஸ் குளத்தின் அடுக்குகள்

லாரியில் முழுதாக வந்து இறங்கி, தோண்டிய பள்ளத்துக்குள் அப்படியே உட்காரும் ஃபைபர்கிளாஸ் நீச்சல் குளத்தைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரே வார்ப்பாகத் தெரியும் அதன் சுவருக்குள் பல அடுக்குகள் இருக்கின்றன.

குளத்தைக் கவிழ்த்து வைத்தது போன்ற ஓர் அச்சின் மேல் வேலை தொடங்குகிறது. முதலில் தெளிப்பது ஜெல்கோட். நீந்தும்போது நம் காலில் படும் வழவழப்பு இதுதான். நிறம் தருவதும், வெயிலையும் குளோரினையும் தாங்குவதும் இதுவே. ஆனால் இதன் கனம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது.

அடுத்தது, வினைல் எஸ்டர் பிசினில் தோய்ந்த கண்ணாடி இழை. ஜெல்கோட்டைத் தாண்டி மெல்லக் கசியும் நீரைத் தடுக்கும் அரண் இது. இந்த இடத்தில் விலை குறைந்த பாலியெஸ்டர் பிசினைப் பூசினால், காலப்போக்கில் சுவரில் கொப்புளங்கள் கிளம்பலாம்.

அதன் பின்னே நறுக்கிய இழைகளும் நெய்த இழைத் துணியும் பிசினோடு அடுக்கடுக்காகச் சேர்கின்றன. ஒவ்வோர் அடுக்கையும் உருளையால் அழுத்திக் காற்றுக் குமிழ்களை வெளியேற்றுவார்கள். கான்கிரீட்டுக்குள் கம்பி போல, பிசினுக்குள் இழை இழுவிசையைத் தாங்குகிறது. வெளிப்புறத்தில் விலா எலும்பு போன்ற பட்டைகள் சுவரை விறைப்பாக நிறுத்துகின்றன.

குளம் வாங்குவோர் நிறத்தோடு நின்றுவிட வேண்டாம். ஜெல்கோட்டுக்கு அடுத்த அடுக்கில் என்ன பிசின் என்று அவசியம் கேளுங்கள். குளத்தின் ஆயுள் அங்கேதான் இருக்கிறது!