கூட்டு, பேரம், வழக்கு – 14: வெளியேறும் விலை

கையெழுத்துப் போடும் அன்றே பிரிவைப் பற்றியும் பேசி முடித்துவிட வேண்டும் என்பது இந்தத் தொடரின் பழைய பல்லவி. விடாமல் படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். சரிபாதிப் பங்கு வைத்திருக்கும் இருவர் முட்டிக்கொண்டால் என்ன வழி என்பதைத்தான் இந்த வாரம் எழுதுவதாக இருந்தது. அதற்கு முன்னோட்டமாக டாடா–டோகோமோ விவகாரத்தை இரண்டு வரியில் சொல்லிவிட்டு நகரலாம் என்று பார்த்தால், அதில் வந்த டெல்லி உயர் நீதிமன்றத் தீர்ப்பு விடுவதாக இல்லை.

2009-இல் ஜப்பானின் என்.டி.டி. டோகோமோ, டாடா டெலிசர்வீசஸில் சுமார் 26.5 சதவீதப் பங்கை வாங்கியது. ஒரு பங்கு ஏறக்குறைய 117 ரூபாய். ஐந்தாண்டுகளில் குறித்த இலக்குகளை நிறுவனம் எட்டாவிட்டால், டோகோமோவின் பங்குகளுக்கு டாடா ஆள் பிடித்துத் தர வேண்டும். அன்றைய நியாய மதிப்பு, வாங்கிய விலையில் பாதி, இவற்றில் எது அதிகமோ அதுதான் விலை என்று எழுதிக்கொண்டார்கள். 2012-இல் உச்ச நீதிமன்றம் 122 அலைக்கற்றை உரிமங்களை ரத்து செய்தது. அதில் இந்த நிறுவனத்துக்கும் அடி விழுந்தது. இலக்கு எட்டப்படவில்லை. 2014-இல் டோகோமோ தன் உரிமையைக் கேட்டது. பாதி விலை என்றால் சுமார் 58 ரூபாய்; நியாய மதிப்போ 23 ரூபாய் 34 காசு. வெளிநாட்டவரிடமிருந்து இந்தியர் பங்கு வாங்கினால் நியாய மதிப்புக்கு மேல் தரக்கூடாது என்பது அந்நியச் செலாவணி விதி. டாடா அனுமதி கேட்டது; ரிசர்வ் வங்கி மறுத்தது.

விவகாரம் லண்டனில் நடுவர் மன்றத்துக்குப் போனது. 'நாங்கள் தரத் தயார், சட்டம் விடவில்லை' என்பது டாடாவின் வாதம். நடுவர்கள் ஒப்பந்தத்தை மறுபடி திறந்து பார்த்தார்கள். டாடாவே வாங்கிக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. வாங்க ஆள் பிடித்துத் தருவதுதான் கடமை. அந்த ஆள் இன்னொரு வெளிநாட்டவராகவும் இருக்கலாம். வெளிநாட்டவர் வெளிநாட்டவருக்கு விற்றால் இந்த விலை உச்சவரம்பு குறுக்கே வராது. ஆகவே கடமையைச் சட்டப்படி நிறைவேற்ற வழி இருந்தது. நிறைவேற்றாததால் வருவது நஷ்டஈடு. நஷ்டஈடு பங்கின் விலை ஆகாது என்பதால் விலை விதியும் அதைத் தொடாது. 2016 ஜூனில் 117 கோடி டாலர் தரச் சொல்லி உத்தரவானது. கடமையை எப்படி எழுதினார்கள் என்பதிலேயே இத்தனை பெரிய தொகையின் தலைவிதி இருந்திருக்கிறது!

அதற்குப் பிறகுதான் வேடிக்கை. டாடா பணத்தை டெல்லி உயர் நீதிமன்றத்தில் கட்டிவிட்டு, உத்தரவை எதிர்த்தது. 2017 பிப்ரவரியில் நாமக்கல் மாவட்டம் மோகனூர்க்காரரான என். சந்திரசேகரன் டாடா சன்ஸ் தலைவர் பொறுப்பை ஏற்றார். அதே மாதம் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டு, உத்தரவை நிறைவேற்றும்படி சேர்ந்தே நீதிமன்றத்தைக் கேட்டன. சண்டை போட்டவர்கள் ஒன்றாகிவிட்டார்கள். கூடாது என்று குறுக்கே நின்றது ரிசர்வ் வங்கி. நடுவர் மன்றத்தில் தரப்பாக இல்லாத வங்கிக்கு அந்த உத்தரவை எதிர்க்கும் உரிமை இல்லை என்று ஏப்ரல் 28 அன்று நீதிபதி எஸ். முரளிதர் தீர்ப்பளித்து, சமரசத்தை ஏற்றுக்கொண்டார். வங்கியின் கவலையையும் ஒதுக்கிவிட முடியாது. முன்கூட்டியே விலை பேசினால், பங்கு முதலீடு என்ற பெயரில் கடன் கொடுத்து உறுதியான லாபத்தோடு வெளியேற வழி பிறக்கும். ஆனால் போட்ட பணத்தில் பாதி போனாலும் போகட்டும் என்று ஒப்புக்கொண்டவர் லாபத்துக்கு உத்தரவாதம் கேட்டவர் ஆகமாட்டார். நஷ்டத்துக்கு ஒரு தரை போட்டார், அவ்வளவுதான்.

'அத்தனை கவனமாக எழுதியும் மூன்று வருடம் இழுத்ததே, என்ன பயன்?' என்று கேட்கலாம். இதே டாடா குழுமத்தின் இன்னொரு சண்டையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டாடா சன்ஸில் ஷாபூர்ஜி பல்லோன்ஜி குழுமத்துக்குச் சுமார் 18.4 சதவீதப் பங்கு. 2016-இல் அந்தக் குழுமக் குடும்பத்தைச் சேர்ந்த சைரஸ் மிஸ்திரி டாடா சன்ஸ் தலைவர் பதவியிலிருந்து நீக்கப்பட்டதும் உறவு முறிந்தது. பிரியலாம் என்று பேச்சு வந்தபோது, தன் பங்கு 1.75 லட்சம் கோடி ரூபாய் பெறும் என்றது ஷாபூர்ஜி தரப்பு. எழுபது, எண்பதாயிரம் கோடிதான் என்றது டாடா தரப்பு. 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் டாடாவுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது; பங்கின் விலையை மட்டும் அவர்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டது. ஆண்டுகள் ஓடியும் பங்கு கைமாறவில்லை. டோகோமோ விவகாரத்தில் தொகையைப் பற்றிச் சண்டையே இல்லை, கொடுக்கலாமா கூடாதா என்பதுதான் கேள்வி. அந்த மாதிரிக் கேள்விக்கு நீதிமன்றம் விடை சொல்லும். ஒரு லட்சம் கோடி ரூபாய் இடைவெளியில் நிற்கும் இருவருக்கு விலை பேசித் தருவது அதன் வேலை இல்லை. டோகோமோவுக்கு அந்த ஷரத்து இல்லாதிருந்தால் என்ன மிஞ்சியிருக்கும் என்பதற்கும் சாட்சி உண்டு: 2017 அக்டோபரில் டாடா டெலிசர்வீசஸின் மொபைல் வியாபாரம் ரொக்கமே வாங்காமல் ஏர்டெல்லுக்குக் கொடுக்கப்பட்டது.

தொழில் தொடங்கும் நல்ல நாளில் பிரிவைப் பேசுவது அபசகுனம், நம்பிக்கைக் குறைவு என்று இன்னொரு ஆட்சேபம். நம்பிக்கை மிச்சமிருக்கும் நாளில் பேசினால்தான் இரு தரப்புக்கும் பொதுவான விலை அமையும். யார் விற்பார், யார் வாங்குவார் என்று அன்றைக்கு இருவருக்குமே தெரியாது. முகம் பார்க்காமல் போன பிறகு, விற்பவருக்கு ஒரு கணக்கு, வாங்குபவருக்கு ஒரு கணக்கு. இதெல்லாம் பெரிய இடத்துச் சமாச்சாரம் என்று சிறு தொழில்காரர்கள் தள்ளிவிடவும் முடியாது. காலவரை எதுவும் பேசாத கூட்டு வணிகத்தை, 1932-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒரு கூட்டாளி எழுத்தில் நோட்டீஸ் கொடுத்தே கலைத்துவிடலாம். பிரைவேட் லிமிடெட் என்றால் பங்கை வாங்கச் சந்தையே கிடையாது. பெரியவர்களுக்கு வழக்கு நடத்தப் பணமாவது இருக்கிறது.

சரிபாதிப் பங்காளிகள் விஷயம் அடுத்த வாரத்துக்குப் போகிறது. ஒருவர் விலை சொல்ல வேண்டும், அந்த விலைக்கு வாங்குவதா விற்பதா என்பதை மற்றவர் முடிவு செய்வார் என்றொரு ஷரத்து உண்டு. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. கையில் ரொக்கம் இல்லாதவரை அது எப்படிக் கவிழ்க்கும் என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

(தொடரும்)