ஆறாவது வாரத்தில் நெகிழும் ரத்தக் குழாய்கள்

நாள் தள்ளிப்போய் இரண்டு வாரம் ஆகிறது. கருவின் நீளம் அரை சென்டிமீட்டர் இருந்தால் அதிகம். பல பெண்களுக்கு மசக்கைகூடச் சரியாக ஆரம்பித்திருக்காது. அதற்குள் தாயின் உடலெங்கும் உள்ள சிறு தமனிகளின் சுவர்கள் நெகிழத் தொடங்கிவிடுகின்றன. கர்ப்ப காலத்தில் இதயம் கூடுதலாக உழைக்கிறது என்று கேள்விப்பட்டிருப்போம். அந்த உழைப்புக்கு அடி எடுத்துக் கொடுப்பவை ரத்தக் குழாய்கள்தான். இதயம் அவற்றின் பின்னால்தான் போகிறது.

இந்த வரிசை தெளிவாகப் புரிவதற்கு நாளாயிற்று. நஞ்சுக்கொடி வளர்ந்ததும் ரத்தம் அதற்குள் எளிதாகப் பாய்கிறது, அதனால்தான் தாயின் ரத்த அழுத்தம் இறங்குகிறது என்பதே பழைய விளக்கம். ஆனால் முதல் பத்து வாரங்களில் நஞ்சுக்கொடிக்குள் தாயின் ரத்தம் பெரிதாக நுழைவதே இல்லை. குழாய்கள் நெகிழ்வதோ ஆறாவது வாரத்திலேயே. அப்படியானால் உத்தரவு வேறு இடத்திலிருந்து வர வேண்டும். அந்த இடங்களில் முக்கியமானது சினைப்பை. கருமுட்டை வெளியேறிய இடத்தில் உருவாகும் கார்பஸ் லூட்டியம் என்ற மஞ்சள் திசு புரோஜெஸ்டிரோன், ரிலாக்சின் முதலான ஹார்மோன்களைச் சுரக்கிறது. இவற்றின் தூண்டுதலால் குழாய்களின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடை அதிகம் வெளிவிட, சுவரில் உள்ள தசை தளர்கிறது. மாதவிலக்குக்கு முந்தைய நாட்களிலும் இதே நெகிழ்வு சிறு அளவில் நடக்கிறது. கரு தங்காவிட்டால் குழாய்கள் பழைய நிலைக்குத் திரும்பும். தங்கினால் நெகிழ்வு தொடரும். பெண்ணுடல் ஒவ்வொரு மாதமும் இதற்கு ஆயத்தமாகிறது என்பது எனக்கு எப்போதும் வியப்பூட்டும் செய்தி.

குழாய்கள் விரிந்துவிட்டால் உள்ளே இருக்கும் ரத்தம் போதாது. சிறுநீரகம் இதைக் கண்டுகொண்டு ரெனின் என்ற பொருளைச் சுரக்கிறது. அதிலிருந்து தொடங்கும் ஹார்மோன் வரிசை உப்பையும் தண்ணீரையும் உடலில் தேக்கிவைக்கிறது. பிளாஸ்மா எனப்படும் ரத்தத்தின் நீர்ப்பகுதி, பிரசவத்துக்குள் ஏறத்தாழ 45 சதவீதம் பெருகிவிடும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அந்த வரிசையில் வரும் ஆஞ்சியோடென்சின், ரத்தக் குழாய்களை இறுக்குவதில் வல்லது. அதன் அளவு ஏறியும் கர்ப்பிணியின் அழுத்தம் ஏன் ஏறுவதில்லை? அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் நார்மன் கான்ட் என்ற மகப்பேறு மருத்துவரின் குழு முதல் கர்ப்பத்தில் இருந்த இளம் பெண்களுக்கு ஆஞ்சியோடென்சினை அளந்து செலுத்திப் பார்த்து, 1973-இல் முடிவுகளை வெளியிட்டது. ஆரோக்கியமான கர்ப்பிணிகளின் அழுத்தத்தை உயர்த்த வழக்கத்தைவிட அதிக மருந்து தேவைப்பட்டது. அவர்களுடைய குழாய்கள் அதன் பேச்சைக் கேட்பதைக் குறைத்துக்கொண்டிருந்தன. பின்னாளில் ரத்தக் கொதிப்பு வரவிருந்த பெண்களிடம், நோய் வெளியே தெரிவதற்குப் பல வாரங்கள் முன்பே இந்த எதிர்ப்பு குறையத் தொடங்கியிருந்தது.

இனி இதயம். திரும்பிவரும் ரத்தம் கூடுகிறது, முன்னே உள்ள தடை குறைகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் ரத்தம் வெளியேறுகிறது. துடிப்பும் நிமிடத்துக்கு 10 முதல் 20 வரை ஏறுகிறது. நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் இறைத்த இதயம் 7 லிட்டர் வரை இறைக்கிறது. ஒரு நாளைக்குப் பார்த்தால் 7,200 லிட்டர் 10,000 லிட்டராகிறது. இந்த ஏற்றத்தின் பெரும்பகுதி ஆறாம் மாதத்துக்குள் முடிந்துவிடும். குழந்தை எடை போடுவதோ பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடிக்கிறது. பிரசவம் முடிந்த சில மாதங்களில் அது தானாகப் பழைய அளவுக்கு வந்துவிடும். மேலேறும் வயிறு இதயத்தைச் சற்று மேலும் இடப்புறமும் தள்ளுவதால் ஈ.சி.ஜி.யிலும் சிறு மாற்றம் தெரியும்.

எல்லாவற்றிலும் நுட்பமான வேலை கருப்பைச் சுவரில் நடக்கிறது. அங்கே சுருண்டு சுருண்டு ஏறிவரும் மெல்லிய தமனிகளுக்குச் சுருள் தமனிகள் என்றே பெயர். கருவிலிருந்து வரும் ட்ரோஃபோபிளாஸ்ட் செல்கள் முதலில் இவற்றின் வாயை அடைத்துக்கொள்கின்றன. அதனால் முதல் சில வாரங்கள் கரு மிகக் குறைந்த ஆக்சிஜனில், கருப்பைச் சுரப்பிகளின் ஊட்டத்தில் வளர்கிறது. பிறகு அதே செல்கள் தமனிச் சுவருக்குள் புகுந்து, அங்குள்ள தசையையும் மீள்நாரையும் அகற்றிவிட்டுத் தாங்களே சுவராகின்றன. 10 முதல் 12 வாரத்துக்குள் அடைப்பு விலகுகிறது. கடைசியில் தமனியின் வாய் 2, 3 மில்லிமீட்டர் அகலத்துக்குப் புனல்போல் விரிந்து நிற்கும். தசை போய்விட்டதால், சுருங்கு என்று நரம்போ ஹார்மோனோ சொன்னாலும் அந்த வாய் சுருங்காது.

அகலமான வாயால் ரத்தம் அதிகம் வருவது மட்டும் லாபமில்லை, வேகமும் தணிகிறது. வாய்க்காலில் பாய்ந்துவரும் தண்ணீரை அப்படியே நாற்றங்காலில் விட்டால் நாற்று சாய்ந்துவிடும்; வாய்மடையை அகலப்படுத்தி நிதானமாக விடுவார்கள். இங்கே நாற்றின் இடத்தில் இருப்பவை நஞ்சுக்கொடியின் மெல்லிய விரலிகள். வினாடிக்கு ஒரு மீட்டருக்கு மேல் சீறக்கூடிய ரத்தம், சுமார் 10 சென்டிமீட்டர் வேகத்துக்கு அடங்கி அவற்றின் மீது படர்வதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். கர்ப்பத்துக்கு முன் நிமிடத்துக்கு 50 மில்லிலிட்டர் அளவுக்கு ரத்தம் பெற்ற கருப்பை, நிறைமாதத்தில் அரை லிட்டருக்கு மேல் பெறுகிறது. சுருள் தமனிகள் சரியாக விரியாமல் நின்றுபோவதே, கர்ப்ப காலத்தில் ரத்த அழுத்தம் ஏறும் ப்ரீஎக்ளாம்ப்சியா நோய்க்கு, குறிப்பாக நாள் நிரம்புவதற்கு முன்பே தீவிரமாக வரும் வகைக்கு, முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது.

இந்த மாற்றங்களில் பல வெளியிலிருந்து பார்த்தால் நோய்போலவே தெரியும். மாடி ஏறினால் மூச்சு வாங்கும், சாயங்காலம் காலில் நீர் கோக்கும், ஸ்டெதஸ்கோப்பில் கூடுதலாக ஒரு முணுமுணுப்பு கேட்கும். சிவப்பணுக்கள் 20, 30 சதவீதம் கூடினாலும் பிளாஸ்மா அதைவிட அதிகம் கூடுவதால், ஹீமோகுளோபின் எண் சற்று இறங்கும். அதற்காக இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. 11 கிராமுக்குக் கீழே, நடு மூன்று மாதங்களில் 10.5-க்குக் கீழே போனால் அது ரத்தசோகைதான்.

படுத்தால் மூச்சு முட்டுவது, தூக்கத்தில் திணறி எழுவது, நெஞ்சுவலி, மயங்கி விழுவது ஆகியவற்றை 'வயித்துப் பிள்ளைக்காரிக்கு இதெல்லாம் சகஜம்' என்று வீட்டில் யாரும் ஒதுக்க வேண்டாம். சிறுவயது வாதக் காய்ச்சலால் இதய வால்வு சுருங்கிய பெண்கள் நம் நாட்டில் இன்னும் இருக்கிறார்கள். அதுவரை ஒரு தொந்தரவும் இல்லாதவர்களுக்குக்கூட, ரத்தமும் துடிப்பும் கூடும் ஐந்து, ஆறு, ஏழாம் மாதங்களில்தான் அது முதன்முதலாகக் காட்டிக்கொடுக்கும்.

மல்லாந்து படுக்காதே, ஒருக்களித்துப் படு என்று பெரியவர்கள் சொல்வதற்குக் காரணம் உண்டு. உடலின் கீழ்ப்பாதியிலிருந்து ரத்தத்தைக் கொண்டுவரும் பெருஞ்சிரை, முதுகெலும்பை ஒட்டி வலப்புறமாக ஏறுகிறது. கனத்த கருப்பை அதன் மேல் அழுந்தினால் இதயத்துக்கு வரும் ரத்தம் குறைந்து தலைசுற்றும். இடப்பக்கம் திரும்பிப் படுத்தால் அழுத்தம் விலகும்.

பிரசவ வலியின் ஒவ்வொரு அலையிலும் கருப்பை 300 முதல் 500 மில்லிலிட்டர் ரத்தத்தைப் பிழிந்து பொதுச் சுற்றோட்டத்துக்குள் தள்ளுகிறது. குழந்தை பிறந்த கையோடு சேரும் ரத்தத்தால் இதயத்தின் வேலை உச்சத்தைத் தொடும். சேர்த்துவைத்த ரத்தம்தான் பிரசவத்தில் ஏற்படும் இழப்பையும் ஈடுகட்டுகிறது.

இவ்வளவையும் சொன்னதற்கு நடைமுறைக் காரணம் ஒன்று இருக்கிறது. குழாய்கள் நெகிழ்வதால் ரத்த அழுத்தம், முக்கியமாகக் கீழ் எண், ஐந்தாம் மாதவாக்கில் 5 முதல் 10 வரை இறங்கியிருக்கும். முன்பே லேசான கொதிப்பு உள்ள பெண் அந்த மாதத்தில் முதன்முதலாகப் பி.பி. பார்த்தால், எண் இயல்பாகவே தெரியும். எட்டாம் மாதத்தில் 140/90-ஐத் தாண்டும்போது, அது பழைய கொதிப்பா புதிதாக வந்த ப்ரீஎக்ளாம்ப்சியாவா என்று மருத்துவர் தடுமாற வேண்டியிருக்கும். மூன்று மாதம் முடியட்டும் என்று சேதியை வெளியில் சொல்லாமல் வைத்திருப்பது பல குடும்பங்களில் வழக்கம். ஊருக்குச் சொல்லாவிட்டால் பரவாயில்லை, கிராம சுகாதார செவிலியரிடமோ மருத்துவரிடமோ உடனே சொல்லிவிடுங்கள். 12 வாரத்துக்குள், முடிந்தால் நாள் தள்ளிப்போனதுமே, பதிவு செய்யுங்கள். அன்று பார்த்த பி.பி.யை அட்டையில் எழுதியிருக்கிறார்களா என்று சரிபார்த்து, ஒவ்வொரு முறையும் அந்த அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள்.