திப்புவின் வாளா, திருவிழாக் கடை வாளா?



விடுமுறைக்கு அப்பா, அம்மாவோடு சுற்றுலா போயிருக்கிறீர்கள். கலைப்பொருள் கடை ஒன்றில், சுவரில் வளைந்த வாள் ஒன்று தொங்குகிறது. கறுத்த அலகு, பிடியில் தங்க நிறப் பூவேலை. கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, "திப்பு சுல்தான் படையில இருந்த வாள் சார். இருநூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. உங்களுக்காக இருபதாயிரம்!" என்கிறார். அப்பாவுக்கு ஆசை வந்துவிட்டது. அம்மா முறைக்கிறார். இப்போது நீங்கள்தான் துப்பறிவாளர். எங்கே ஆரம்பிப்பீர்கள்?

வாளிடம் அல்ல, கடைக்காரரிடம்தான்! நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி, 100 ஆண்டுக்கு மேற்பட்ட பழம்பொருளை வியாபாரம் செய்ய அரசு உரிமம் வேண்டும். தனியார் அதை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யவும் முடியாது. ஆகவே, "உரிமத்தைக் காட்டுங்கள். 200 ஆண்டுப் பழமையானது என்று பில்லில் எழுதித் தாருங்கள்" என்று அப்பாவைக் கேட்கச் சொல்லுங்கள். பாதி வாள்கள் அந்த இடத்திலேயே இளமையாகிவிடும்!

திப்புவின் வாள் என்றால் சும்மாவா? 2023 மே மாதம் லண்டனில் போன்ஹாம்ஸ் ஏல நிறுவனம் திப்புவின் வாள் ஒன்றை ஏலம் விட்டது. சுமார் 1 கோடியே 40 லட்சம் பவுண்டுக்குப் போனது. நம் பணத்தில் 140 கோடி ரூபாய்க்கும் மேல்! ஏன் அவ்வளவு விலை? தங்கத்துக்காக மட்டும் அல்ல. அந்த வாள் யார் யார் கைக்குப் போனது என்பது தெரியும். 1799 மே 4-ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது, திப்பு இறந்தார். அரண்மனையில் அவரது அந்தரங்க அறைகளில் கிடைத்த அந்த வாளை, தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய டேவிட் பெயர்டு என்ற தளபதிக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். (இதே பெயர்டு, 1780-ல் காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூர்ப் போரில் பிடிபட்டு, அதே ஸ்ரீரங்கப்பட்டணத்தில் 3 ஆண்டுக்கும் மேல் சிறையில் கிடந்தவர். காலம் எப்படிச் சுற்றுகிறது பாருங்கள்!) கடைக்காரரின் வாளுக்கு இப்படி ஒரு வழித்தடம் உண்டா? இல்லையென்றால் திப்புவை மறந்துவிடுங்கள். வாள் பழையதுதானா என்பதை மட்டும் பார்ப்போம்.

பூதக்கண்ணாடி எடுத்துக்கொள்ளுங்கள். வாளைப் பெரியவர்கள் பிடித்துக்கொள்ளட்டும். கூரின் மேல் விரலை ஓட்டாதீர்கள். பழைய வாளும் வெட்டும்.

நம் நாட்டு வளைந்த வாளுக்குத் 'தல்வார்' என்று பெயர். பிடியின் முடிவில் சிறு தட்டுப் போல வட்டமான இரும்பு இருக்கும். சண்டைக்குச் செய்த வாளின் அலகு பிடி அருகே தடிமனாகவும், நுனி நோக்கிப் போகப் போக மெலிந்தும் இருக்கும். அப்போதுதான் வீசுபவரின் கை வலிக்காது. அலங்காரத்துக்குச் செய்த வாள்கள் பல, தகட்டை வெட்டி எடுத்தவை. அடியிலும் நுனியிலும் ஒரே தடிமன். பக்கவாட்டில் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அடுத்து துரு. நேற்று உப்புத் தண்ணீரிலோ அமிலத்திலோ போட்டு வரவழைத்த துரு, செங்கல் நிறத்தில் பொடிப்பொடியாக உதிரும். பல காலம் ஏறிய துரு கரும்பழுப்பாக, இரும்போடு ஒட்டிக் கிடக்கும். தேய்மானத்தையும் கவனியுங்கள். கை படும் இடம் வழவழப்பாகவும், கை படாத பள்ளங்கள் கூர்மையாகவும் இருந்தால் சந்தோஷம். எல்லா இடமும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தால்? யாரோ உட்கார்ந்து தேய்த்திருக்கிறார்கள்!

பிடியின் பூவேலையில்தான் எனக்கு அதிக ஆசை. இதைக் 'கோஃப்த்காரி' என்பார்கள். இரும்பின் மேல் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்கள் போட்டு, அதன் மேல் தங்கக் கம்பியை வைத்துத் தட்டுவார்கள். கீறல்கள் கம்பியைக் கவ்விக்கொள்ளும். தங்கம் உதிர்ந்த இடத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள், சல்லடை போல அந்தக் கீறல் தெரியும். தங்கப் பெயின்ட் பூசியதில் அது இருக்காது. ஆனால் அவசரப்படாதீர்கள். ராஜஸ்தானத்தில் உதய்ப்பூர் கைவினைஞர்கள் இன்றும் இந்த வேலையை அருமையாகச் செய்கிறார்கள். கீறல் இருந்தால் கைவேலை என்று தெரியும். பழமையை அது மட்டும் நிரூபிக்காது.

எழுத்து இருந்தால் இன்னும் சுவாரசியம். வாளில் 1213 என்று இருந்தால் 800 ஆண்டுப் பழமை என்று துள்ளாதீர்கள். அது ஹிஜ்ரி ஆண்டாக இருக்கலாம். திப்பு இறந்தது ஹிஜ்ரி 1213-ல்தான்! ஈரானில் இஸ்பஹான் நகரத்து அசதுல்லா என்ற கொல்லர் பெயர் பல வாள்களில் உண்டு. ஒரு மனிதர் வாழக்கூடிய காலத்தையும் தாண்டி அந்தப் பெயர் வந்துகொண்டே இருக்கிறது. அந்தக் காலத்திலேயே 'பிராண்ட்' பெயரைக் காப்பி அடித்திருக்கிறார்கள்! ஆங்கிலத்தில் 'இந்தியா' என்று முத்திரை இருந்தால்? இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்கவேண்டும் என்று அமெரிக்கா 1890-ல் சட்டம் போட்டது. அப்படி முத்திரை குத்தியது அதற்குப் பிறகு வெளிநாட்டுக்காரர்களுக்குச் செய்ததாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். திப்பு தன் வாளில் ஏன் அப்படி எழுதிக்கொள்ளப் போகிறார்?

பிடியும் அலகும் வேறு வேறு காலத்தவை என்றாலும் போலி என்று சொல்லிவிட முடியாது. அலகை அரக்கு போன்ற பிசினைச் சுடவைத்துத்தான் பிடிக்குள் பொருத்தினார்கள். சூடு காட்டினால் கழன்றுவிடும். அலகு உடைந்தால் புதிதாக மாட்டிக்கொள்வார்கள்.

சில பழைய வாள்களில் தண்ணீர் அலை போல நெளிநெளியான கோடுகள் தெரியும். இந்த உருக்கு நம் தென்னாட்டின் பெருமை. இரும்பை ஆவாரங்கட்டை, எருக்கிலை போன்றவற்றோடு களிமண் மூசையில் போட்டு, வாயை அடைத்து, உலையில் வெகுநேரம் காய்ச்சுவார்கள். ஈரோடு மாவட்டம் கொடுமணல் அகழாய்வில் இரும்பு, உருக்கு உலைகளின் தடயங்கள் கிடைத்தன. கரிச்சத்து இரும்போடு சேர்ந்து வரிவரியாகப் படிவதால் வருவதுதான் அந்த அலை. சாதாரண இரும்பில் அமிலத்தால் அலை வரைந்தும் விற்கிறார்கள். வரைந்த அலை தேய்த்தால் போய்விடும். உண்மையான அலையோ அலகின் உடம்பு முழுக்க ஓடுகிறது. தேய்த்துவிட்டு முறைப்படி திராவகம் காட்டினால் மறுபடி வரும்.

தேய்த்துப் பார்த்துவிடலாமே என்கிறீர்களா? கூடவே கூடாது! ஏன் என்று சொல்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. பள்ளிக் கண்காட்சிக்காக ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன், தாத்தா காலத்து வாளைப் பரணிலிருந்து எடுத்து, கோணியில் சுற்றிக் கொண்டுவந்தான். கரிக்கட்டை போல இருந்தது. கண்காட்சிக்கு இப்படியா வைப்பது என்று உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தேன். ஒரு பக்கம் தேய்த்து முடிக்கவே சாயங்காலம் ஆகிவிட்டது. கண்ணாடி போலப் பளபளத்தது. பையனுக்கு ஒரே சந்தோஷம். எனக்கும்தான். மறு பக்கத்தைச் சுவரைப் பார்க்க வைத்துவிட்டோம்.

கண்காட்சிக்கு வந்திருந்த பெரியவர் ஒருவர் அருங்காட்சியகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாளைத் திருப்பிப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து என்னிடம் நீட்டினார். தேய்க்காத பக்கத்தில், பிடிக்கு அருகே, சல்லடைக் கீறல். நடுவில் கடுகளவு தங்கம். அது ஓர் எழுத்தின் வால். "மீதி எழுத்து அந்தப் பக்கம் இருந்திருக்கும் சார்" என்றார் மெதுவாக. யாருடைய பெயரோ, எந்த ஆண்டோ! உப்புத்தாளோடு போய்விட்டது.

அந்தப் பையன் இப்போது பேரன் எடுத்துவிட்டான். வாள் இன்னும் அவன் வீட்டில்தான் இருக்கிறது. போன பொங்கலுக்குப் போனபோது பார்த்தேன். ஒரு பக்கம் கறுப்பு; ஒரு பக்கம் நான் தேய்த்த பளபளப்பு. "தேங்காய் எண்ணெய் போடட்டுமா சார்?" என்று கேட்டான். எதுவும் செய்யாதே, உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றி ஈரம் படாமல் வை, அருங்காட்சியகத்தில் கேட்டுவிட்டுச் செய்யலாம் என்றேன்.