தோலில் படியும் மருந்தைத் திசுவில் தேடுவது

தொழுநோய்க்குத் தரப்படும் குளோஃபாசிமின் அடிப்படையில் ஒரு சிவப்புச் சாயப்பொருள். அதைச் சாப்பிடுகிறவரின் தோல் முதலில் சிவந்து, மாதங்கள் செல்லச் செல்லப் பழுப்பேறிக் கறுக்கும். நோய்த் திட்டுகள் உள்ள இடத்தில் கருமை அழுத்தமாக விழும். வியர்வையும் சிறுநீரும்கூட நிறம் மாறலாம். வெளிர்நிறத் தோலில் இது பளிச்செனத் தெரிவதால், நோயை மறைத்து வாழ்ந்தவர்களை மருந்தே காட்டிக்கொடுத்தது.

இந்த மருந்தின் வரலாற்றில் சிலாங்கூருக்கும் பங்கு உண்டு. கோலாலம்பூரிலிருந்து ஈஜோக் வழியாகக் கோலசிலாங்கூர் செல்லும் சாலையில் சுங்கை பூலோ தொழுநோயாளர் குடியிருப்பு 1930இல் திறக்கப்பட்டது. சீனர், மலாய்க்காரர், தமிழர் என எல்லா இனத்தவரும் அங்கே இருந்தார்கள். 1960களில் தொழுநோய்க்கு முதன்மையான மருந்து டாப்சோன். அதற்குக் கிருமிகள் பணியாமல் போகின்றன என்பதைப் பெட்டிட், ரீஸ் என்ற ஆய்வாளர்கள் 1964இல் அங்கிருந்த நோயாளிகளை வைத்தே நிரூபித்தார்கள். மாற்று மருந்து தேவைப்பட்டது. பி.663 என்ற எண்ணால் அறியப்பட்ட குளோஃபாசிமினை அங்கேயே சோதித்து, 1967இல் முடிவை வெளியிட்டார்கள். 1980களில் உலக சுகாதார நிறுவனத்தின் கூட்டு மருந்துச் சிகிச்சையில் அது இடம்பெற்றது.

கறுத்த தோலுக்குக் காரணம் மருந்தா, திரும்பி வந்த நோயா என்ற ஐயம் எழுந்தால் பயாப்சி எடுப்பதுண்டு. சிக்கல் இங்கேதான். வழக்கமாகத் தோல் துண்டை ஆல்கஹாலிலும் சைலீனிலும் ஊறவைத்து, மெழுகில் பதித்துச் சீவுவார்கள். குளோஃபாசிமின் படிகங்கள் அந்தத் திரவங்களில் கரைந்தோடிவிடும். தேடும் பொருளைத் தேடும் முறையே கழுவிவிடுகிறது. புதுத் திசுவை உறையவைத்துச் சீவி, ஒளிர்வு நுண்ணோக்கியில் பார்த்தால் இரத்தக் குழாய்களைச் சுற்றிப் படிகங்கள் செந்நிறமாக ஒளிரும். ஆகவே மருந்தின் மீது சந்தேகம் இருப்பதை ஆய்வகத்துக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

மெழுகுச் சீவலிலும் தடயம் அறவே அழிவதில்லை. விழுங்கு செல்கள் நுரைத்து, லிப்போஃபுசின் போன்ற பழுப்பு நிறமியைச் சுமந்து நிற்கும். ஆனால் தொழுநோய்க் கிருமி நிறைந்த செல்களும் இப்படித்தான் நுரைத்துத் தெரியும். ஃபைட் சாயம் ஏற்றினால் கிருமிகள் சிவப்பாகத் தெரியும் என்பதால் அந்தச் சோதனையைத் தவிர்க்க முடியாது.

முகப்பருவுக்கும் சில வேளை தொழுநோய்க்கும் தரப்படும் மினோசைக்ளினின் கதை வேறு. பழைய தழும்புகளில் நீலக்கருமை படிந்தால் அங்கே இரும்பு சேர்ந்திருக்கும். பெர்ல்ஸ் சாயத்தில் அது நீலமாக மாறும். கால் முன்புறத்தில் வரும் நீலச்சாம்பல் திட்டுகளில் இரும்புச் சாயம், மெலனினைக் காட்டும் ஃபோன்டானா-மேசன் வெள்ளிச் சாயம் இரண்டும் பிடிக்கும். வெயில் படும் இடங்களில் சேற்றுப் பழுப்பாகப் பரவும் வகையில் வெள்ளிச் சாயம் மட்டுமே பிடிக்கும். ஆனால் லிப்போஃபுசினும் வெள்ளியை ஏற்றுக் கறுக்கும் என்பதால், அந்தச் சாயத்தை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்வது ஆபத்து.

குளோஃபாசிமின் உடலை விட்டு மிக மெதுவாகவே நீங்கும். நிறம் மங்கப் பல மாதங்கள், சிலருக்கு ஆண்டுகளும் ஆகும். நிறத்துக்கு அஞ்சி மாத்திரையைத் தாமாக நிறுத்தினால் நோய் தலைதூக்கும். பயாப்சிக்குச் செல்பவர்கள், முன்பு சாப்பிட்டு நிறுத்திய மாத்திரைகளின் பெயர்களையும் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.