ரேந்தை பின்னி விடுதலை வாங்கிய பெண்கள்

அடகு வைத்த நகையை மீட்பது என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். முதலையும் வட்டியையும் எண்ணி வைக்க வேண்டும். அப்போதுதான் நகை கைக்கு வரும். ஒரு ரூபாய் குறைந்தாலும் வராது.

கிறிஸ்தவ வேதத்தில் "மீட்பு" என்ற சொல் அடிக்கடி வருகிறது. ஆலயத்தில் அதைக் கேட்டுக் கேட்டுப் பழகியவர்கள், அது பரலோகத்துக்கு மட்டும் உரிய சொல் என்று நினைப்பது உண்டு. அப்படி அல்ல. அது கடன்பட்டவனின் வீட்டில் பிறந்த சொல்.

நாகர்கோவிலில் வாழ்ந்த சில ஏழைப் பெண்கள் அந்தச் சொல்லின் பொருளைத் தங்கள் விரல்களால் அறிந்தார்கள்.

மனிதரும் அடகுப் பொருள்

நாகர்கோவில் அப்போது திருவிதாங்கூர் மன்னரின் ஆட்சியில் இருந்தது. அந்த நாட்டில் அடிமை முறை நடந்தது. தாழ்த்தப்பட்ட சாதிகளில் பிறந்த பலர் அடிமைகளாக இருந்தார்கள். அவர்களை விற்பார்கள். அடகு வைப்பார்கள். குத்தகைக்கும் விடுவார்கள். அடிமைகளின் பிள்ளைகளும் அடிமைகளே.

1819-ஆம் ஆண்டில் லண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த சார்லஸ் மால்ட் என்ற பாதிரியாரும், அவர் மனைவி மார்த்தா மால்ட்டும் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். பெண்கள் தங்கிப் படிக்கும் பள்ளி ஒன்று அங்கே நடந்தது. பெண் பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று ஊரே கேட்ட காலம் அது!

அங்கே வேதம் வாசிக்கவும் எழுதவும் கற்றுக்கொடுத்தார்கள். கூடவே, மால்ட் அம்மையார் ஒரு கைத்தொழிலும் கற்றுக்கொடுத்தார். அதுதான் ரேந்தைப் பின்னல். லேஸ் என்று சொல்கிறோமே, அதற்குத் தென்பாண்டிச் சீமையிலும் நாஞ்சில் நாட்டிலும் ரேந்தை என்று பெயர்.

திண்டின் மேல் நூல் பூ

ரேந்தை பின்ன ஒரு திண்டு வேண்டும். அதன் மேல் துளையிட்ட தாளை வைப்பார்கள். துளைகளில் குண்டூசிகளைக் குத்துவார்கள். சின்னச் சின்னக் கட்டைகளில் நூல் சுற்றித் தொங்கும். இந்தக் கட்டையை அந்தக் கட்டைக்கு மேலே போட வேண்டும். பிறகு முறுக்க வேண்டும். பிறகு ஊசியில் மாட்ட வேண்டும். ஒரு கட்டை இடம் மாறினாலும் பூ கெட்டுவிடும். கண் வலிக்கும். கழுத்து வலிக்கும். நாள் முழுவதும் உட்கார்ந்தாலும் கொஞ்சம்தான் வளரும்.

இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரக் குடும்பங்கள் அதை விரும்பி வாங்கின. வந்த பணம் பள்ளியின் செலவுக்கு உதவியது. பின்னியவர்களுக்கும் கூலி கிடைத்தது.

அந்தப் பள்ளியில் அடிமைப் பெண்களும் இருந்தார்கள். அவர்களில் சிலர் கூலியைச் சேர்த்து வைத்தார்கள். சேர்த்த பணத்தை எசமானிடம் கொடுத்தார்கள். தங்களைத் தாங்களே விலைக்கு வாங்கி, விடுதலை பெற்றார்கள்!

நகையை மீட்கும்போது நகை வேறு, மீட்பவர் வேறு. இங்கே இரண்டும் ஒருவரே.

வேதத்தில் உள்ள கணக்கு

பழைய ஏற்பாட்டில் லேவியராகமம் என்ற புத்தகம் இருக்கிறது. சட்டதிட்டங்கள் நிறைந்த புத்தகம். அலுப்பாக இருக்கிறது என்று தாண்டிப் போகிறவர்கள் அதிகம். அதன் 25-ஆம் அதிகாரத்தைத் தாண்டக் கூடாது.

வறுமையால் தன்னையே விற்றுவிட்ட ஓர் இஸ்ரவேலனைப் பற்றி அது பேசுகிறது. அண்ணன் தம்பி மீட்கலாம். சிற்றப்பன் மீட்கலாம். சிற்றப்பன் மகன் மீட்கலாம். யாரும் இல்லையா? கையில் பணம் சேர்ந்தால், அவனே தன்னை மீட்டுக்கொள்ளலாம். இத்தனை ஆண்டுக்கு இவ்வளவு என்று விலைக் கணக்கும் அங்கே இருக்கிறது.

யாருமே மீட்காவிட்டால்? ஐம்பதாம் ஆண்டு யூபிலி ஆண்டு. அது வந்துவிட்டால் பணம் கொடுக்காமலே அவன் பிள்ளைகளோடு வீட்டுக்குப் போய்விடலாம்.

ஒன்றை மறைக்கக் கூடாது. அதே அதிகாரம், அந்நியரை நிரந்தர அடிமையாக வைத்துக்கொள்ளவும் இடம் கொடுக்கிறது. அமெரிக்காவில் அடிமைகளை வைத்திருந்தவர்கள் இப்படிப்பட்ட வசனங்களைக் காட்டித்தான் வாதாடினார்கள். அடிமை முறையை எதிர்த்தவர்கள் கையிலும் அதே வேதம்தான் இருந்தது. எந்தப் பக்கத்தைத் திறக்கிறோம் என்பதில் படிப்பவரின் மனமும் தெரிந்துவிடுகிறது.

பணம் கொடுத்தது சரியா?

மனிதரை அடிமையாக வைத்ததே அநியாயம். அந்த அநியாயக்காரனுக்குப் பணமும் கொடுப்பதா?

இந்தக் கேள்வி அந்தக் காலத்திலேயே எழுந்தது. அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து தப்பி வந்தவர் பிரடெரிக் டக்ளஸ். பெரிய பேச்சாளர். 1846-இல் இங்கிலாந்து நண்பர்கள் பணம் திரட்டி அவருடைய விடுதலையை வாங்கினார்கள். பணம் கொடுத்தால் எசமானுக்கு உரிமை உண்டு என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று சிலர் கோபித்தார்கள். டக்ளஸ் அந்த விடுதலையை ஏற்றுக்கொண்டார். பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று பயந்து வாழ்ந்தவருக்கு வேறு வழி என்ன?

நாகர்கோவில் பெண்களுக்கும் வேறு வழி இல்லை. நல்ல சட்டம் வரும் வரை காத்திருந்தால் இளமை போய்விடும். நூல் கையில் இருந்தது. பின்னினார்கள்.

சட்டம் மெதுவாகத்தான் வந்தது. அடிமைகளை விடுவிக்கும்படி 1847-இல் பாதிரிமார்கள் மன்னருக்கு மனு கொடுத்தார்கள். 1853-இல் அரசாங்க அடிமைகளுக்கு இனிப் பிறக்கும் குழந்தைகள் சுதந்திரர் என்று அறிவிப்பு வந்தது. 1855-இல்தான் திருவிதாங்கூரில் அடிமை முறை முழுவதும் ஒழிந்தது.

மால்ட் தம்பதியின் மகள் எலைசா நாகர்கோவிலில் பிறந்தவர். தமிழ் பேசி வளர்ந்தவர். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல்லை அவர் 1844-இல் மணந்தார். திருநெல்வேலிச் சீமையிலுள்ள இடையன்குடிக்குப் போனபோது, ரேந்தைத் தொழிலும் அவரோடு போனது. அங்கும் பெண்கள் பின்னினார்கள்.

இன்றும் உண்டு

அடிமைச் சந்தை போய்விட்டது. ஆனால் முன்பணம் வாங்கிவிட்டு, அது தீரவில்லை என்று செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் குடும்பத்தோடு சிக்கிக்கொள்கிறவர்களைப் பற்றிய செய்திகள் இன்னும் வருகின்றன.

இவர்கள் பணம் சேர்த்துத் தங்களை மீட்க வேண்டியதில்லை. 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், யூபிலி ஆண்டைப் போல, அந்தக் கடனையே அழித்துவிட்டது. அழிந்த கடனுக்குப் பணம் வாங்குவது குற்றம். மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. சிக்கியவர்களும், அவர்களைப் பார்த்தவர்களும் மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுக்கலாம்.