கவுட் வலிக்கு மாத்திரை: அறிந்து சாப்பிடுவோம், அளவோடு நிறுத்துவோம்

ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த சில நாட்களில் நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் முறையீடு ஒன்று உண்டு. நன்றாகப் படுத்துத் தூங்கியவர் நடுஇரவில் கால் பெருவிரல் வலியோடு எழுந்து உட்காருவார். விரல் சிவந்து வீங்கியிருக்கும். போர்வை பட்டால்கூடத் தாங்க முடியாது. இதுதான் கவுட். இரத்தத்தில் யூரிக் அமிலம் கூடி, ஊசி போன்ற துகள்களாக மூட்டில் படிவதால் வருகிறது. ஈரல், குடல், அதிக இறைச்சி, மத்தி, நெத்திலி, இனிப்பான குளிர்பானங்கள், தண்ணீர் குறைவாகக் குடிப்பது எல்லாம் இதைத் தூண்டும்.

உடனே மெடிக்கலுக்கு ஆள் அனுப்புகிறோம். வலியும் அடங்குகிறது. கவனம் தேவைப்படுவது இங்கேதான். டயாலிசிஸ் உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் குடும்பங்களிடம் விசாரித்தால், 'வருடக்கணக்கில் வலி மாத்திரை சாப்பிட்டார்' என்ற பதிலைப் பலமுறை கேட்கிறோம்.

மாத்திரை என்ன செய்கிறது?

நாப்ராக்ஸன், இண்டோமெத்தசின், டைக்ளோஃபெனாக், எட்டோரிகாக்சிப் போன்றவை வீக்கத்தையும் வலியையும் குறைக்கும். வலி தொடங்கிய முதல் நாளிலேயே சாப்பிட்டால் நன்றாகக் கேட்கும். ஆனால் இவை யூரிக் அமிலத்தைக் குறைப்பதில்லை. எனவே வலி அடங்கி ஓரிரு நாளில் நிறுத்திவிட வேண்டும். பெரும்பாலும் ஒரு வாரம் போதும். எட்டோரிகாக்சிப் 120 மி.கி. மாத்திரையை 8 நாளுக்கு மேல் சாப்பிடக் கூடாது.

டாக்டரிடம் கேட்காமல் தொடக் கூடாதவர்கள்

- சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், நீண்டகாலச் சர்க்கரை நோயாளிகள்
- வயிற்றுப்புண் அல்லது வயிற்றில் இரத்தக்கசிவு வந்தவர்கள்
- மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு உள்ளவர்கள்
- கட்டுக்குள் இல்லாத இரத்த அழுத்தம் உள்ளவர்கள்
- வலி மாத்திரையால் மூச்சிரைப்பு வந்தவர்கள்
- வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமலிருக்கும் மருந்து சாப்பிடுபவர்கள்
- கர்ப்பிணிகள்

இரத்த அழுத்தத்துக்கான சில மருந்துகளும், நீர் பிரியும் மாத்திரையும், வலி மாத்திரையும் ஒன்று சேர்ந்தால் சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்படலாம். இவர்களுக்கு கோல்சிசின் அல்லது சில நாள் ஸ்டீராய்டு என்று வேறு வழிகள் உண்டு. எது பொருந்தும் என்பதை டாக்டரே முடிவு செய்வார்.

சாப்பிடுபவர்கள் கவனிக்க

- ஒரு நேரத்தில் ஒரே வகை வலி மாத்திரை மட்டும். வளைகுடாவிலிருந்து வந்தவர் தந்த அட்டையும் உள்ளூர் மாத்திரையும் பெயர் வேறாக இருந்தாலும் மருந்து ஒன்றாக இருக்கலாம்.
- பெயர் தெரியாத 'செட்' மாத்திரை வேண்டாம். அதில் ஸ்டீராய்டும் சேர்ந்திருக்கலாம்.
- வெறும் வயிற்றில் வேண்டாம். வயதானவர்களுக்கு வயிற்றைக் காக்கும் மாத்திரையும் தேவையா என்று கேளுங்கள்.
- அத்தாவுக்கு எழுதித் தந்த மாத்திரையை மாமாவுக்குக் கொடுக்காதீர்கள்.
- இதயத்துக்காகச் சாப்பிடும் சிறு அளவு ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தாதீர்கள். டாக்டரிடம் சொல்லுங்கள்.

மலம் கறுத்துப் போனாலும், இரத்த வாந்தி எடுத்தாலும், நெஞ்சு வலித்தாலும், சிறுநீர் குறைந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மூட்டு வீக்கத்தோடு காய்ச்சலும் குளிரும் இருந்தால் அது மூட்டில் சீழ் பிடித்ததாகவும் இருக்கலாம். அன்றே காட்ட வேண்டும்.

நோன்புக் காலத்தில்

பகல் முழுக்கத் தண்ணீர் இல்லாத உடலில் வலி மாத்திரை சிறுநீரகத்துக்குக் கூடுதல் சுமை. கடும் வலியில் இருப்பவர் நோன்பை விட்டு, குணமான பின் களா செய்ய மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. அதை ஏற்பதில் தயக்கம் வேண்டாம். நோன்பு வைக்க டாக்டர் சம்மதித்தால், மாத்திரையை இஃப்தாருக்குப் பிறகோ ஸஹர் உணவுக்குப் பிறகோ சாப்பிடும் வகையில் மாற்றித் தரச் சொல்லுங்கள்.

வலி திரும்பத் திரும்ப வந்தால்

யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அலோபுரினால் போன்ற மருந்துதான் நிரந்தர வழி. அளவை 6 மி.கி.க்குக் கீழே வைத்திருப்பது இலக்கு. ஏற்கெனவே அதைச் சாப்பிடுபவர்கள் வலி வந்த நேரத்திலும் நிறுத்தக் கூடாது. வலியின்போது எடுத்த பரிசோதனையில் யூரிக் அமிலம் சரியாக இருந்தாலும் கவுட் இல்லை என்று ஆகிவிடாது. வலி அடங்கிச் சில வாரம் கழித்து மறுபடியும் பாருங்கள்.

உடல் நலம் அல்லாஹ் தந்த அமானிதம். நம் வீட்டுப் பெரியவர்களின் மருந்துப் பெட்டியை இந்த வாரமே ஒருமுறை திறந்து பார்ப்போம். அல்லாஹ் நம் அனைவருக்கும் பூரண ஷிஃபா தருவானாக. ஆமீன்.